'கொடுக்கப்பட்டது' – கொடுத்தது யார்?

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு ஜியாலஜி வகுப்புக்கு ஒரு கேலிப் பெயர் உண்டு. 'ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்'. விளையாட்டு வீரர்களுக்கான பாறைப் பாடம் என்று சுமாராகத் தமிழில் சொல்லலாம். அங்கே சரித்திரம் படித்தாலும் சங்கீதம் படித்தாலும், பெரும்பாலான கல்லூரிகளில் பட்டம் வாங்க ஒன்றிரண்டு அறிவியல் பாடங்களை எடுத்துத் தொலைக்க வேண்டும். பௌதிகம் என்றால் கணக்கு. ரசாயனம் என்றாலும் கணக்கு. நிலவியலில்தான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, பெயர் சொல்லி, எரிமலைப் படங்கள் பார்த்துத் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. காலையில் கால்பந்துப் பயிற்சி முடித்து வரும் பையன்கள் கடைசி வரிசையில் கண்ணயர வசதியான வகுப்பு.

பூமி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைப்பதில்லை. முதல் மாதத்திலேயே அடர்த்தி வந்துவிடும். அடுத்து, கண்டங்கள் வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கின்றன என்கிற வேகக் கணக்கு. ஆற்றின் சரிவு. பூகம்பத்துக்கு லாகரிதம். பாறையின் வயதுக்கு அரை ஆயுள். கோடிக்கணக்கான வருஷங்களும் மில்லிமீட்டர்களும் ஒரே சமன்பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தூங்க வந்தவன் எழுந்து உட்கார்ந்து, 'சார், இதில் கணக்கு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே' என்பான்.

வாத்தியாருக்கு இரண்டு வழிகள். ஒன்று, கணக்கை எடுத்துவிடுவது. கிராஃபை அழகான கலர் படமாக மாற்றி, சூத்திரத்தைப் பெட்டிக்குள் போட்டு, 'பரீட்சைக்கு வராது' என்று சொல்லிவிடுவது. மாணவர்கள் கைதட்டுவார்கள். இரண்டாவது வழி, இரண்டு வாரம் நிலவியலை நிறுத்திவிட்டு எட்டாம் வகுப்புக் கணக்கை மறுபடி நடத்துவது. இதில் சிக்கல் என்னவென்றால் அதே அறையில் கால்குலஸ் முடித்த பெண்ணும் இருப்பாள். எக்ஸை சமக்குறிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை மறந்துபோன பையனும் இருப்பான். அவளுக்கு அலுப்பு. இவனுக்கு அவமானம். இருவருக்கும் நிலவியல் இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் செய்து காட்டினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆஷ்காஷ் கிளையைச் சேர்ந்த ஜெனிஃபர் வென்னர், வாஷிங்டன் மாநிலத்தின் ஹைலைன் கல்லூரியைச் சேர்ந்த எரிக் பேயர், இவர்களோடு கணித ஆசிரியை ஹெலன் பர்ன். திட்டத்தின் பெயரே விளம்பரம் மாதிரி இருக்கும்: 'தி மேத் யூ நீட், வென் யூ நீட் இட்'. வேண்டிய கணக்கு, வேண்டிய நேரத்தில். 2011-ல் இதைப் பற்றி அமெரிக்காவின் கல்லூரி அறிவியல் கற்பித்தல் சஞ்சிகையில் கட்டுரையும் எழுதினார்கள்.

ஏற்பாடு எளிமையானது. பருவத் தொடக்கத்தில் ஒரு சின்னப் பரீட்சை. பிறகு எந்த வாரம் எந்தக் கணக்கு தேவைப்படுகிறதோ, அதற்கு முன்னால் மாணவன் வகுப்புக்கு வெளியே, கணினியில், தனியாக அந்தக் கணக்கை மட்டும் படித்துப் பயிற்சி செய்துவிட்டு வரவேண்டும். அலகு மாற்றம், அடர்த்தி, வேகம், கிராஃப் வரைதல், சரிவு கண்டுபிடித்தல், சமன்பாட்டைத் திருப்பி எழுதுதல் என்று தனித்தனிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு குட்டி டெஸ்ட். பருவ முடிவில் மறுபடி பெரிய பரீட்சை. மதிப்பெண்கள் ஏறின என்று ஆதாரத்தோடு எழுதியிருக்கிறார்கள். நம்பலாம்.

இதில் பாராட்ட வேண்டிய விஷயங்கள் உண்டு. வகுப்பு நேரம் வீணாவதில்லை. தெரிந்தவள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போகலாம். தெரியாதவன் யாரும் பார்க்காமல் நாலு தடவை தப்புச் செய்யலாம். யாரும் பார்க்காமல் தப்புச் செய்ய ஓர் இடம் கொடுப்பது பெரிய தர்மம். கணக்கில் பயந்தவர்கள் பெரும்பாலும் தப்புக்குப் பயந்தவர்கள் அல்ல, தப்பைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பயந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'பையன்களுக்குக் கணக்கு வராது, அதனால் எடுத்துவிட்டேன்' என்று சொல்லும் வாத்தியாரின் சாக்கை இது பிடுங்கிக்கொள்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டு என் குறையைச் சொல்கிறேன்.

அந்தக் கட்டுரைத் தலைப்பில் 'ரெமிடியேட்' என்று ஒரு வார்த்தை வருகிறது. பரிகாரம், சிகிச்சை. அதாவது மாணவனுக்கு ஒரு சத்துக் குறைவு. மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். இப்படிப் பார்த்தால் கணக்கு என்பது நிலவியலுக்கு வெளியே, கணக்கு வகுப்பிலிருந்து கடன் வாங்கி வந்த சாமான் ஆகிவிடுகிறது. கடன் வாங்கும்போது கணக்கு வகுப்பின் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

நாம் எல்லோரும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூட நோட்டில் கணக்கு எப்படித் தொடங்கும்? 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி, இரண்டு புள்ளி. நிறை இவ்வளவு, பருமன் இவ்வளவு. அடுத்த வரி, 'கண்டுபிடிக்க வேண்டியது'. பிறகு சூத்திரம், பிரதியிடல், விடை, அடிக்கோடு. விடை தப்பா என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள். கொடுக்கப்பட்டது தப்பா என்று யாராவது கேட்டதுண்டா? கொடுத்தது யார்? பாடப்புத்தகம். பாடப்புத்தகம் கடவுள்.

பூமி எதையும் கொடுப்பதில்லை. ஒவ்வோர் எண்ணையும் யாரோ ஓர் ஆசாமி வெயிலில் அளந்து, அல்லது அளக்க முடியாமல் ஊகித்து, எழுதிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. நிலவியல் வகுப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. என் கட்சி இவ்வளவுதான். ஒரு மாணவன் அடர்த்திக்கு நிறையைப் பருமனால் வகுக்கத் தெரிந்துகொண்டதில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியை அந்தப் பொட்டலங்கள் போதுமான அழுத்தத்தோடு சொல்லவில்லை.

இந்த மீதிப் பாதியில் விழுந்து அடிபட்டவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. முதல் பெயர் சார்லஸ் டார்வின்.

1859-ல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் ஒரு குறுக்குக் கணக்கு வருகிறது. பரிணாமத்துக்கு ஏராளமான காலம் வேண்டும். பூமிக்கு அவ்வளவு வயது உண்டு என்று காட்ட வேண்டும். தென் இங்கிலாந்தில் வீல்ட் என்கிற பிரதேசம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவில் அரித்துப்போன பள்ளம். இதை அரிக்கக் கடலுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? ஐந்நூறு அடி உயரப் பாறைச் சுவரைக் கடல் நூறு வருஷத்துக்கு ஓர் அங்குலம் தின்னும் என்று டார்வின் வைத்துக்கொண்டார்.

நீங்களும் கால்குலேட்டரை எடுங்கள். பள்ளத்தின் அகலம் 22 மைல். ஒரு மைலுக்கு 5,280 அடி, அடிக்கு 12 அங்குலம். மொத்தம் 13,93,920 அங்குலம். அங்குலத்துக்கு நூறு வருஷம் என்றால் 13,93,92,000 வருஷம். இது ஐந்நூறு அடிச் சுவருக்கு. அங்கே அரித்துப்போன பாறையின் கனம் சராசரி 1,100 அடி, ஆகவே 2.2-ஆல் பெருக்க வேண்டும். விடை 30,66,62,400 வருஷம். டார்வின் புத்தகத்தில் இந்த எண் இப்படியே அச்சாகி இருக்கிறது. 'சரி, முப்பது கோடி என்று வைத்துக்கொள்வோம்' என்கிற தோரணையில் பக்கத்திலேயே முழு எண்ணாகவும் சொல்லிவிட்டார்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பெருக்கல் சரி, வகுத்தல் சரி. எந்தக் கணினி டெஸ்டிலும் நூற்றுக்கு நூறு. அந்தக் கடைசி 400 வருஷத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் காலத்திலிருந்து இன்றுவரை உள்ள அவ்வளவு காலம். அதைக்கூட விடாமல் சொல்கிறது விடை! ஆனால் மொத்தக் கோபுரமும் 'ஓர் அங்குலம்' என்கிற ஒரே ஊகத்தின் தலையில் நிற்கிறது. கடல் இரண்டு அங்குலம் தின்றால் பதினைந்து கோடி. அரை அங்குலம் என்றால் அறுபத்தொரு கோடி. இன்று நமக்குத் தெரியும்: அங்கே உள்ள வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை படியத் தொடங்கியதே சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்புதான். பிறப்பதற்கு இருபது கோடி வருஷம் முன்னாலேயே யாரும் தேய ஆரம்பிப்பதில்லை.

விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1861-ல் வந்த மூன்றாம் பதிப்பில் டார்வின் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார். கணிதம் இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம் என்ற வருத்தத்தைத் தன் சுயசரிதையில் அவரே பதிவு செய்திருக்கிறார். இந்த இடத்தில் அவருக்குத் தேவைப்பட்டது உயர்கணிதம் இல்லை. 'ஓர் அங்குலம் என்று யார் சொன்னது?' என்கிற ஒரு கேள்வி.

சரி, கணக்கில் புலியாக இருந்தால் தப்பித்திருக்கலாமா? அதற்கு அடுத்த பெயர், லார்ட் கெல்வின். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய கணக்குப் புலி பிரிட்டனில் தேடினாலும் கிடைக்காது. சுரங்கத்துக்குள் இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. ஆகவே பூமி ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்து, ஆறிக்கொண்டு வருகிறது. எவ்வளவு நாளாக ஆறினால் இன்றைக்கு இந்த அளவு சூடு மிச்சமிருக்கும்? வெப்பம் கடத்தலுக்கான சமன்பாட்டைப் போட்டு 1862-ல் விடை சொன்னார்: இரண்டு கோடி வருஷத்துக்கும் நாற்பது கோடி வருஷத்துக்கும் நடுவில். 1897-ல் அதை இன்னும் இறுக்கி, இரண்டிலிருந்து நாலு கோடி என்றார். வயது ஏற ஏறச் சந்தேகம் குறைந்துகொண்டே போயிற்று.

நிலவியல்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பாறை அடுக்குகளைப் பார்த்தால் இது போதாது. ஆனால் சமன்பாட்டோடு யார் மல்லுக்கட்டுவது? தாமஸ் ஹக்ஸ்லி மட்டும் 1869-ல் ஒரு நல்ல பதில் சொன்னார். கணிதம் ஒரு மாவு மில் போன்றது, எவ்வளவு நேர்த்தியாக அரைத்தாலும் உள்ளே போட்டதுதான் மாவாக வெளியே வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். உளுந்தைப் போட்டுவிட்டுக் கோதுமை மாவை எதிர்பார்க்கக் கூடாது.

கெல்வினின் முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி 1895-ல்தான் சரியான இடத்தில் கை வைத்தார். பூமியின் உள்பக்கம் முழுக்கக் கெட்டி, வெப்பம் மெதுவாகக் கடத்தப்பட்டு மட்டுமே மேலே வரும் என்று குருநாதர் எடுத்துக்கொண்டது ஏன்? உள்ளே கொஞ்சம் இளகி ஓடக்கூடியதாக இருந்தால்? அடியிலிருக்கும் சூடு மேலே வந்துகொண்டே இருக்கும். பூமி ரொம்ப வயதானதாக இருந்தும் மேல்தோல் சூடாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் இருநூறு, முந்நூறு கோடி வருஷம்கூட இருக்கலாம் என்று காட்டினார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதால்தான் கெல்வின் கணக்கு கவிழ்ந்தது என்று நாம் படித்திருக்கிறோம். பூமியின் வயதை அளக்கக் கதிரியக்கம் உதவியது உண்மை. 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி வருஷம் என்றார். ஆனால் கெல்வினின் கணக்குக்குள் இருந்த பெரிய ஓட்டை, பெர்ரி விரல் வைத்த இடம்தான். அந்த 'கொடுக்கப்பட்டது'.

டார்வின், கெல்வின் இருவரையும் நான் இங்கே இழுத்தது அவர்களை மட்டம் தட்ட இல்லை. கடைசி வரிசைக் கால்பந்துப் பையனுக்காக. அவன் இதுவரை கணக்கு என்றால் தனக்குத் தெரியாத, மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கெல்வினே நூறு மடங்கு தப்பாகப் போயிருக்கிறார், அதுவும் சமன்பாட்டில் இல்லை, ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட விஷயத்தில் என்று தெரிந்தால் அவனுக்குத் தலை நிமிரும். அந்த இடத்தில் கேள்வி கேட்க அவனாலும் முடியும். அதற்குக் கால்குலஸ் வேண்டாம்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாதே என்று கேட்கலாம். நியாயம். ஆகவே நல்ல கணக்கு ஒன்றும் சொல்லவேண்டும். அட்லாண்டிக் சமுத்திரம் வருஷத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலமாகிறது. நகம் வளரும் வேகம். ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் 4,500 கிலோமீட்டர் என்று ஓர் இடத்தில் எடுத்துக்கொண்டால், அது 45 கோடி சென்டிமீட்டர். இரண்டரையால் வகுத்தால் 18 கோடி வருஷம். பள்ளிக்கூட வகுத்தல்.

இப்போது கேளுங்கள், இரண்டரை சென்டிமீட்டர் என்று கொடுத்தது யார்? இன்றைக்கு செயற்கைக்கோள் வைத்து அளக்கிறார்கள். இன்றைய வேகம் சரி. பதினெட்டுக் கோடி வருஷமாக இதே வேகமா? நல்ல கேள்வி. அதனால்தான் கப்பலில் போய்க் கடல் தரையைத் துளைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் கரையோரம் உள்ள மிகப் பழைய கடல் தரையின் வயதும் ஏறக்குறைய அதே அளவுதான் வருகிறது. இரண்டு வேறு தெருக்கள் வழியாக வந்து ஒரே வீட்டுக் கதவைத் தட்டிவிட்டோம். இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவனுக்கு, அலகு மாற்றத்தைத் தனியாக 'சிகிச்சை' கொடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சைபர் விட்டுப்போனால் சமுத்திரமே பத்து மடங்கு இளமையாகிவிடும் என்று அவனுக்கே உறைக்கும்.

'வேண்டிய கணக்கு, வேண்டிய நேரத்தில்' என்பதில் எனக்குள்ள இரண்டாவது குறை இதுதான். வேண்டும் என்று யாருக்குத் தோன்ற வேண்டும்? அந்தப் பொட்டலம் வாத்தியாருக்கு வேண்டிய நேரத்தில் வருகிறது. மாணவனுக்கு இன்னும் பசிக்கவில்லை. அடர்த்திப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையை வகு, அடர்த்தி கிடைக்கும், டெஸ்ட் எழுது, முடிந்தது. அதே அடர்த்திதான் பனிக்கட்டி ஏன் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் அமிழ்ந்து மிதக்கிறது என்பதைச் சொல்கிறது, 0.92-ஐ 1.03-ஆல் வகுத்தால் தெரிந்துவிடும். கிரானைட் 2.7, கடலடியில் உள்ள பசால்ட் 3.0, இரண்டுக்கும் கீழே இருக்கும் மேன்டில் 3.3. கண்டம் ஏன் உயரத்தில் மிதக்கிறது, கடல் தரை ஏன் தாழ்ந்து கிடக்கிறது என்கிற பெரிய ரகசியம் இந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது. ரகசியத்தை முதலில் கேள்வியாகப் போட்டுவிட்டு, எண்ணை அப்புறம் கொடுத்தால் பையன் தானே வகுத்துப் பார்ப்பான்.

இங்கிலாந்தில் டேவிட் வால்தம் என்பவர் 1994-ல் எழுதிய 'மேத்தமேட்டிக்ஸ்: எ சிம்பிள் டூல் ஃபார் ஜியாலஜிஸ்ட்ஸ்' புத்தகத்தில் இந்த மணம் அடிக்கிறது. தலைப்பிலேயே கணிதம் ஓர் எளிய கருவி என்று தைரியம் சொல்லிவிடுகிறார். ஏரியடியில் படியும் சேறு. ஆழம் கூடக் கூட வயது கூடும். இதிலிருந்து சமன்பாடு என்றால் என்ன என்று ஆரம்பிக்கிறார். சேற்றிலிருந்து சமன்பாட்டுக்குப் போகும் இந்தத் திசை சரியானது. ஆனால் இது நிலவியலையே தொழிலாக எடுத்துக்கொண்ட மாணவர்களுக்கான புத்தகம். ஒரே ஒரு பருவம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த அளவு பொறுமை இருக்காது.

அந்த எட்டிப்பார்க்கிறவர்களைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். நிலவியல்காரர் ஆகப்போகிறவன் இன்று இல்லாவிட்டால் நாளை கற்றுக்கொள்வான். மற்றவர்களில் பலருக்கு வாழ்க்கையில் இதுவே கடைசி அறிவியல் வகுப்பு. அவர்கள்தான் பிற்பாடு மேயராகவும், பத்திரிகைக்காரராகவும், இன்ஷூரன்ஸ் விற்பவராகவும், ஆற்றங்கரையில் வீடு வாங்குபவராகவும் ஆகப்போகிறார்கள்.

1997 வசந்தத்தில் வட டகோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊர் ரெட் ரிவர் வெள்ளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பனி உருகினால் ஆறு 49 அடி வரை உயரலாம் என்று தேசிய வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஊர் அந்த 49-ஐப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் இரண்டு மூன்றடி சேர்த்துக் கரையை உயர்த்தினார்கள், மணல் மூட்டை அடுக்கினார்கள். ஏப்ரலில் ஆறு 54 அடியைத் தாண்டியது. கரை மீறி ஊருக்குள் தண்ணீர். கிட்டத்தட்ட மொத்த ஊரும் காலி செய்துகொண்டு போனது. தண்ணீர் நிற்கும்போதே நகர மையத்தில் தீயும் பிடித்து, பதினோரு கட்டடங்கள் எரிந்தன.

49 என்பது மோசமான கணிப்பு என்று சொல்ல முடியாது. அந்த மாதிரிக் கணிப்பில் பத்து சதவீதம் அப்படி இப்படிப் போவது சகஜம். 49-க்குப் பத்து சதவீதம் என்றால் ஐந்தடி. ஆறு அந்த ஐந்தடியைத்தான் எடுத்துக்கொண்டது. கணிப்பு ஓர் எண்ணாக வந்தது. கூட்டல் கழித்தல் கூட வரவில்லை, வரவேண்டும் என்று கேட்கவும் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு வகுத்தலில் தெரிந்திருக்கும். பரீட்சையில் இதற்கு மார்க் போனால் போகட்டும். இங்கே ஊர் போயிற்று.

இது ஏதோ அமெரிக்க விவகாரம் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது 'நூறு வருஷத்தில் காணாத மழை' என்ற வாக்கியம் எல்லார் வாயிலும் இருந்தது. சிலருக்கு அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. அப்பாடா, இனி நம் பேரன் காலத்தில்தான்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அதே நகரத்தின் பல பேட்டைகளில் படகு விட வைத்தது. இரண்டும் ஒரே அளவு மழையா என்பது வேறு விஷயம். ஆறுதல்தான் தப்பு.

நிலவியல் வகுப்பில் வரும் 'நூறு வருஷ வெள்ளம்' என்பதற்கு, நூறு வருஷத்துக்கு ஒரு முறை முறைவைத்து வரும் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்தது ஆற்றுக்கு ஞாபகம் இருக்காது. இருபது வருஷ ஹோம் லோன் போட்டு ஒரு ஃபிளாட் வாங்குகிறீர்கள். கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வர என்ன வாய்ப்பு? ஒரு வருஷம் வராமல் இருக்க 0.99. இருபது வருஷமும் வராமல் இருக்க 0.99-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும், 0.82 வரும். மீதி 18 சதவீதம். ஐந்து பேர் வாங்கினால் கிட்டத்தட்ட ஒருவர். அமெரிக்காவில் முப்பது வருஷக் கடன் சகஜம். அங்கே 26 சதவீதம்.

இதோடு நிறுத்தினால் நானும் அந்தக் கணினிப் பாடம் மாதிரி பாதிக் கிணறுதான். நூற்றில் ஒன்று என்று கொடுத்தது யார்? பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொன்னார்கள். பதிவேடு எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது? ஐம்பது வருஷப் பதிவை வைத்துக்கொண்டு நூறு வருஷ வெள்ளத்தைப் பேசுகிறோமா? அந்தப் பதிவுக் காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது இப்போது அபார்ட்மென்ட்டாக இருந்தால், அதே மழைக்கு அதே வெள்ளம்தானா? நேற்று மாதிரியே நாளையும் இருக்கும் என்பது இந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரியாத 'கொடுக்கப்பட்டது'. மழையும் நிலமும் மாறிக்கொண்டிருக்கும்போது அதை நம்புவது, பூமி உள்ளே முழுக்கக் கெட்டி என்று கெல்வின் நம்பியதற்கு அண்ணன் தம்பி.

அமெரிக்க மாணவர்களுக்குக் கணக்கு வராது, நம் பிள்ளைகள் புலி என்று ஒரு பெருமை நமக்குண்டு. இருக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகளின் திறமையெல்லாம் 'கொடுக்கப்பட்டது' என்ற கோட்டுக்குக் கீழேதான். கோட்டுக்கு மேலே போய்க் கேள்வி கேட்டால், 'அதிகப்பிரசங்கி, சம்மைப் போடு' என்று உட்கார வைத்துவிடுவோம். அவர்களுக்குப் பெருக்கத் தெரியவில்லை என்று சிகிச்சை. நமக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை என்பதற்கு யார் சிகிச்சை செய்வது?

முதலில் கணக்கைப் போடக் கற்கட்டும், சந்தேகம் அப்புறம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த 'அப்புறம்' பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை என்பதுதான் என் பதில். தவிர, இதற்கு ஒன்றும் புதுப் பாடம் வேண்டாம். அந்தப் பொட்டலங்கள் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு குட்டி டெஸ்டின் கடைசியிலும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். கொடுக்கப்பட்ட எண்களில் எது மேல் உனக்கு நம்பிக்கை குறைவு? அதை இரட்டிப்பாக்கு, பிறகு பாதியாக்கு; விடை எங்கே போகிறது? பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். டார்வின் இதைச் செய்திருந்தால் அந்த 400 வருஷத்தை அச்சுக்கோத்திருக்க மாட்டார்கள். கிராண்ட் ஃபோர்க்ஸில் இன்னும் நாலு வரிசை மூட்டை அடுக்கியிருப்பார்கள்.

மற்றபடி வென்னர், பேயர், பர்ன் மூவரும் செய்தது நல்ல காரியம். கணக்கை ஒளித்துவைக்கும் ஆசிரியரைவிட, கணக்கைக் கையில் கொடுத்துப் பழகச் சொல்லும் ஆசிரியர் நூறு மடங்கு மேல். என்னை மார்க் போடச் சொன்னால் நூற்றுக்கு எழுபது போடுவேன்.

கூட்டல் கழித்தல் பத்து.